துருவ வெயிலும் காலநிலை மாதிரிகளும்: சேலத்திலிருந்து சரிபார்க்கத் தொடங்குவோருக்கு

ஆத்தூர்ப் பக்கத்தில் எங்கள் அப்பா வேலை பார்த்த சேகோ ஆலையில், வறுத்தெடுத்த ஜவ்வரிசியைச் சிமென்ட் களத்தில் பரப்பிக் காயவைப்பார்கள். பத்து மணிக்கு மேல் அந்தக் களத்தை வெறுங்கண்ணால் பார்க்க முடியாது. "மேல இருக்கிற வெயிலுக்குத் தலையில துண்டு போட்டுக்கலாம் சாமி, கீழ இருந்து அடிக்கிறதுக்கு எதைப் போடுறது?" என்பார் அப்பா.

பல வருடம் கழித்து, துருவப் பகுதிகளில் தரைக்கு வந்து சேரும் சூரியக் கதிர்வீச்சைப் படிக்க உட்கார்ந்தபோது, அப்பாவின் அந்தக் கேள்வியில்தான் பாடம் முழுவதும் இருந்தது. மேலிருந்து எவ்வளவு வருகிறது, கீழிருந்து எவ்வளவு திரும்புகிறது, இரண்டையும் காலநிலை மாதிரிகள் (காற்று, கடல், பனி எல்லாவற்றையும் கணினியில் கணக்கிட்டு ஓட்டும் நிரல்கள்) சரியாகக் கணக்கிடுகின்றனவா என்பதே விஷயம்.

சேலம், நாமக்கல் கல்லூரிகளில் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கும் பிள்ளைகள் புராஜெக்ட்டுக்குத் தலைப்பு கேட்டு வரும்போது நான் இதைத்தான் சொல்கிறேன். தரவு முழுவதும் இலவசம். சாதாரண மடிக்கணினி போதும். ஆர்க்டிக்கின் கடற்பனி எவ்வளவு வேகமாகக் கரையும் என்ற கணிப்பும் இதில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது. அவர்களிடம் வாய்வழியாகச் சொல்லி வந்ததை இங்கே எழுதுகிறேன்.

சொல் பற்றி ஒரு வார்த்தை. நம் பேச்சில் பனி என்றால் மார்கழிப் பனி. ஏற்காட்டுக்காரருக்கு அது மூடுபனி. இந்தக் கட்டுரையில் வானிலிருந்து விழுந்து படிவதை வெண்பனி என்றும், கடல்நீர் உறைந்ததைக் கடற்பனி என்றும் சொல்கிறேன். இரண்டையும் குழப்பிக்கொண்டால் பின்னால் வரும் எண்கள் எல்லாம் குழம்பிவிடும்.

முதலில், எதை ஒப்பிடுகிறோம்?

ஒரு சதுர மீட்டர் தட்டையான தரையின் மேல் வந்து விழும் சூரிய ஆற்றலை வாட்டில் சொல்கிறோம். நேராக வரும் வெயிலும், மேகத்திலும் காற்றிலும் பட்டுச் சிதறி வரும் வெளிச்சமும் இதில் சேரும். மாதிரிகளின் தரவில் இதற்கு ஆர்எஸ்டிஎஸ் என்று பெயர். தரையிலிருந்து திரும்பி மேலே போவது ஆர்எஸ்யூஎஸ். வளிமண்டலத்தின் உச்சியில் வந்து விழுவது ஆர்எஸ்டிடி. திரும்பிப் போவதை வந்து விழுந்ததால் வகுத்தால் கிடைப்பது ஆல்பிடோ.

புது வெண்பனியின் ஆல்பிடோ 0.8 முதல் 0.9 வரை. உருகத் தொடங்கிய வெண்பனி 0.7 பக்கம் இறங்கும். மேலே வெண்பனி படியாத வெறும் கடற்பனி 0.5 முதல் 0.6. அதன்மேல் உருகி நிற்கும் நீர்க்குட்டைகள் 0.2 முதல் 0.4. திறந்த கடல் 0.06 வாக்கில்தான். அதாவது ஒரே இடம் கோடையில் சில வாரங்களுக்குள் வெயிலில் பெரும்பங்கைத் திருப்பி அனுப்பும் தளமாக இருந்து, பெரும்பங்கை விழுங்கும் தளமாக மாறிவிடுகிறது.

இதை உடம்பால் புரிந்துகொள்ள, போனில் லக்ஸ் அளக்கும் செயலி ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒளி உணரி திரைப்பக்கம் இருக்கும். கையை நன்றாக நீட்டி, உங்கள் நிழல் விழாமல், திரையை வானம் பார்க்க வைத்து ஓர் அளவு. அப்படியே கவிழ்த்துத் தரையைப் பார்க்க வைத்து இன்னோர் அளவு. இரண்டாவதை முதலாவதால் வகுங்கள். பழைய தார்ச்சாலையில் 0.1 ஒட்டி வரும். அதையே ஜவ்வரிசி காயும் களத்தில் செய்யுங்கள். ஏற்காடு அடிவாரத்துக்குப் போகும் வழியில், வெள்ளைக்கல் வெட்டிக் கொட்டிய மேட்டோரம் நின்றும் செய்யுங்கள். போன் கண்ணுக்குத் தெரியும் ஒளியை மட்டும் பார்க்கும். அறிவியல் அளவீடு ஆகாது. ஆனால் மேல் பார்த்த கருவி ஒன்று, கீழ் பார்த்த கருவி ஒன்று என்று துருவ நிலையங்களில் நடப்பது இதேதான். என் மாணவர்கள் யாரும் இதைச் செய்யாமல் கணினியைத் தொட்டதில்லை.

துருவத்தில் வெயிலே இருக்காது என்ற எண்ணத்தையும் இப்போதே கழற்றி வைத்துவிடலாம். டிசம்பர் 21 வாக்கில் தென்துருவத்தின் வளிமண்டல உச்சியில் ஒரு நாள் சராசரி சுமார் 559 வாட். அதே நாளில் நிலநடுக்கோட்டுக்கு 411 வாட்தான். தென்துருவத்தில் அன்று சூரியன் அடிவானத்துக்கு மேல் 23 டிகிரியில் நின்று, ஏறாமல் இறங்காமல் சுற்றி வரும். சேலத்தில் சித்திரை மாதம் காலை ஏழே முக்காலுக்கு இருக்கிற வெயில் இருபத்து நான்கு மணி நேரமும் அடித்தால் எப்படியோ அப்படி. வெயில் வருகிறது, வெண்பனி அதைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. அதனால்தான் ஆல்பிடோவில் ஒரு சிறு தப்பு இங்கே பெரிய தப்பாகிறது.

வானமும் தரையும் எறிந்து பிடிக்கும் வெளிச்சம்

மற்ற எதை மறந்தாலும் இந்தப் பகுதியை மறக்க வேண்டாம்.

மேகம் வெயிலை மறைக்கும். மேகம் வந்தால் தரைக்கு வருவது குறையும். நம் ஊருக்கு இந்தக் கணக்கு போதும். வெண்பனி மேல் அது போதாது. தரை திருப்பி அனுப்பிய வெளிச்சம் மேகத்தின் அடியில் பட்டு மறுபடி கீழே வருகிறது. தரை மீண்டும் அனுப்புகிறது, மேகம் மீண்டும் தருகிறது. முடிவில்லாத இந்தத் தொடரைக் கூட்டினால் ஒரு எளிய பின்னம் கிடைக்கும்: 1 ஐ, 1 கழித்தல் ஆல்பிடோ பெருக்கல் மேக அடியின் எதிரொளிப்பு, என்பதால் வகுக்க வேண்டும்.

மேக அடி 0.5 என்று வைத்துக்கொள்வோம். தரையில் வெண்பனி, ஆல்பிடோ 0.85. பெருக்கினால் 0.425. 1 ஐ 0.575 ஆல் வகுத்தால் 1.74. அதே மேகத்தைத் திறந்த கடலுக்கு மேல் வையுங்கள்: 0.06 பெருக்கல் 0.5, 0.03, விடை 1.03. மேகம் ஒன்றேதான், சூரியன் ஒன்றேதான். ஆனால் வெண்பனித் தரைக்கு வந்து விழும் வெளிச்சம் கடலுக்கு வருவதைப் போல ஏறத்தாழ 1.7 மடங்கு. துருவத்தில் மூட்டமான நாளில் நிழலே விழாமல், மேடு பள்ளம் தெரியாமல், வானமும் தரையும் ஒன்றாகிவிடுவதும் இதனால்தான்.

சேகோ களத்தில் ஏன் இப்படி நடப்பதில்லை என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. ஒரு கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் மேகத்துக்கு அந்தக் களம் ஒரு புள்ளி. சுற்றிலும் குச்சிக்கிழங்குக் காடும் ஊரும் இருட்டாக இருக்கின்றன. ஆர்க்டிக்கில் வெண்மை நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு விரிந்து கிடக்கிறது. எனவே அங்கே ஒரு நிலையத்தின் கருவி பார்ப்பது அதன் காலடியை மட்டும் அல்ல. சுற்றுவட்டாரம் எவ்வளவு வெள்ளை என்பதும் அந்த எண்ணுக்குள் இருக்கிறது.

இதன் விளைவு என்ன? ஒரு மாதிரி மேகத்தைச் சரியாகச் செய்து, கடற்பனியைக் குறைவாக வைத்திருந்தால், அதன் ஆர்எஸ்டிஎஸ் குறைவாக வரும். பார்ப்பவர் "மேகம் அதிகம்" என்று எழுதிவிடுவார். குற்றம் செய்தது ஒன்று, தண்டனை வேறொன்றுக்கு. ஆர்எஸ்டிஎஸ் ஒன்றை மட்டும் வைத்து எந்த மாதிரிக்கும் தீர்ப்பு எழுதாதீர்கள்.

தரவைச் சேர்ப்பது

தரை அளவீட்டுக்கு முதலில் போக வேண்டிய இடம் பிஎஸ்ஆர்என் என்ற உலகளாவிய அடிப்படைக் கதிர்வீச்சு வலையமைப்பு. 1992 முதல் இயங்குகிறது. அதன் காப்பகம் இப்போது ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வேகனர் நிறுவனத்தில் இருக்கிறது. ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஓர் அளவு. வடக்கே நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளில் உள்ள நீ-ஓலசுண்ட், அலாஸ்காவின் பாரோ, கனடாவின் அலர்ட். தெற்கே ஜெர்மனியின் நாய்மாயர், ஜப்பானின் ஷோவா, தென்துருவம், 3,200 மீட்டருக்கு மேல் உள்ள டோம் சி. தொடங்குவோருக்கு நான் நீ-ஓலசுண்டையும் டோம் சியையும் தருவேன். முன்னது கடலோரம், மேகம் மிகுந்தது, கோடையில் வெண்பனி கரைந்துவிடும். பின்னது உயரமான பீடபூமி, மெல்லிய காற்று, ஆண்டு முழுவதும் வெண்பனி. இரண்டும் இரண்டு விதமான தப்புகளைக் காட்டிக்கொடுக்கும்.

நீ-ஓலசுண்டில்தான் நம் நாட்டின் ஹிமாத்ரி நிலையம் 2008 முதல் இருக்கிறது. அண்டார்க்டிகாவில் மைத்ரி 1989 முதலும் பாரதி 2012 முதலும் இயங்குகின்றன. கோவாவில் உள்ள தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆய்வு மையம் இவற்றை நடத்துகிறது. இந்தத் துறை நமக்கு எட்டாத தூரத்தில் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

செயற்கைக்கோள் பக்கம் நாசாவின் செரஸ். 2000 மார்ச் முதல், ஒரு டிகிரி கட்டத்தில், மாதச் சராசரி கிடைக்கும். ஆனால் செரஸ் கருவி நேராக அளப்பது வளிமண்டல உச்சியில் வெளியேறும் கதிர்வீச்சை. தரையில் எவ்வளவு என்பது மேகம், காற்று, ஆல்பிடோ பற்றிய தகவல்களை வைத்துக் கணக்கிட்ட எண். அந்த மேகத் தகவலில்தான் சிக்கல். குளிர்காலக் காலையில் ஏற்காட்டு லேடீஸ் சீட்டில் நின்று கீழே பாருங்கள். சமவெளியில் மூடுபனி படுத்திருக்கும் நாளில், எது மூடுபனி, எது வெள்ளைக்கல் மேடு என்று மேலிருந்து பிரிக்கக் கண் திணறும். வெண்பனிக்கு மேல் மிதக்கும் மேகத்தை மேலிருந்து பார்க்கும் கருவிக்கும் அதே திணறல். செரஸை உண்மை என்று எடுத்துக்கொள்ளாமல், நம்பத்தகுந்த இன்னொரு சாட்சியாக வையுங்கள். இஆர்ஏ5 போன்ற மறுபகுப்பாய்வுகளும் (பழைய வானிலை அளவீடுகளை ஒரு மாதிரிக்குள் செலுத்தி உருவாக்கும் தரவு) அப்படியே. அவற்றின் மேகத்தையும் ஒரு மாதிரிதான் செய்கிறது.

மாதிரிகளுக்கு சிமிப்6. உலகின் ஆய்வுக் குழுக்கள் ஒரே விதியில் ஓட்டிய மாதிரிகளின் தொகுப்பு. புனேயின் இந்திய வெப்பமண்டல வானிலை நிறுவனம் உருவாக்கிய மாதிரியும் அதில் உண்டு. வரலாற்று ஓட்டம் 1850 முதல் 2014 வரை. செரஸோடு ஒப்பிட 2001 முதல் 2014 வரை பொதுவான காலம். கோப்புகள் நெட்சிடிஎஃப் வடிவில் இருக்கும். பைத்தானில் எக்ஸ்அரே நூலகம் கொண்டு திறக்கலாம். இணைய வேகம் குறைவென்றால் இறக்கவே வேண்டாம். சிமிப்6 தரவின் ஒரு பகுதி கூகுள் கிளவுட் கிடங்கில் இருக்கிறது. கூகுள் கோலாபில் நேராகத் திறந்து, தேவையான மாதத்தையும் அட்சரேகையையும் மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

எடுக்க வேண்டியவை: ஆர்எஸ்டிடி, ஆர்எஸ்டிஎஸ், ஆர்எஸ்யூஎஸ். மேகமே இல்லை என்று வைத்துக் கணக்கிட்ட ஆர்எஸ்டிஎஸ்சிஎஸ், ஆர்எஸ்யூஎஸ்சிஎஸ். கடற்பனிப் பரப்பு. மேகத்தில் உள்ள மொத்த நீரும், அதில் பனிப்படிகமாக இருக்கும் பங்கும். கட்டத்தின் உயரமும் நிலப் பங்கும். கடைசி இரண்டை எல்லோரும் விட்டுவிட்டு, பிறகு தேடிக்கொண்டு வருவார்கள்.

அளவீட்டையும் சந்தேகியுங்கள்

கருவி சொன்னால் சத்தியம் என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். துருவத்தில் கருவியின் கண்ணாடிக் குமிழ் மேல் உறைபனி படியும். படிந்தால் வெளிச்சம் குறைந்தும் வரலாம், சிதறிக் கூடியும் வரலாம். அதனால்தான் காற்று ஊதியும் சூடேற்றியும் வைக்கிறார்கள், பணியாளர் தினமும் துடைக்கிறார். சூரியன் தாழ்வாக இருப்பதால் சாய்வாக விழும் ஒளியில் கருவியின் கோணப் பிழை பெரிதாகும். கருவியின் குமிழ் குளிர்ந்த வானத்துக்கு வெப்பத்தை இழப்பதால் துருவ இரவில் எண் பூஜ்யத்துக்குக் கீழே சில வாட் போகும்.

ஆகவே முதலில் சோதனை. மைனஸ் 4 வாட்டுக்குக் கீழே போன நிமிடங்களை நீக்குங்கள். நேர்க்கதிரைத் தனியாகவும் சிதறல் ஒளியைத் தனியாகவும் அளந்த நிலையங்களில், சூரியன் உச்சியிலிருந்து சாய்ந்திருக்கும் கோணத்தின் கோசைனால் நேர்க்கதிரைப் பெருக்கிச் சிதறலோடு கூட்டி, மொத்தத்தை அளந்த கருவியோடு ஒப்பிடுங்கள். கூட்டுத்தொகை 50 வாட்டுக்கு மேல் இருக்கும் நேரத்தில், சூரியன் உச்சியிலிருந்து 75 டிகிரிக்குள் இருந்தால் இரண்டும் 8 சதவீதத்துக்குள் ஒத்துப்போக வேண்டும். அதற்குக் கீழே சாய்ந்தால் 15 சதவீதம் வரை விடலாம். ஒத்துப்போகாத நிமிடத்தை வைத்துக்கொண்டு மாதிரியைக் குறை சொல்லக் கூடாது.

மாதச் சராசரியிலும் ஒரு பொறி இருக்கிறது. ஒரு மாதத்தில் சில நண்பகல்கள் விடுபட்டிருந்தால், இருப்பதையெல்லாம் கூட்டி வகுக்கும்போது சராசரி தானாகக் குறைந்துவிடும். நாளை 15 நிமிடத் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் அந்த மாதம் முழுவதன் சராசரியைக் கண்டு, பிறகு துண்டுகளைச் சராசரியாக்குங்கள். விடுபட்ட நண்பகலுக்கு மற்ற நண்பகல்கள் ஈடுகட்டும்.

ஒப்பிடும் முன் நான்கு சோதனைகள்

மேகத்துக்குப் போவதற்கு முன் ஆர்எஸ்டிடியை வரைந்து பாருங்கள். மேகத்துக்கும் பனிக்கும் சம்பந்தமில்லாத, வெறும் வானியல் கணக்கு அது. எல்லா மாதிரிக்கும் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். படியவில்லை என்றால் பெரும்பாலும் நாட்காட்டிதான் காரணம். சில மாதிரிகளுக்கு லீப் வருடம் கிடையாது. பிரிட்டனின் ஹாட்லி மைய வழி வந்த மாதிரிகளில் வருடத்துக்கு 360 நாள், ஒவ்வொரு மாதமும் 30 நாள். நம் அட்சரேகையில் ஓரிரு நாள் தள்ளிப்போனால் யாருக்கும் தெரியாது. 80 டிகிரி வடக்கில் மார்ச் 20 அன்று வளிமண்டல உச்சியில் 76 வாட். ஏப்ரல் 1 அன்று 137. நாளுக்கு 5 வாட் ஏறுகிறது. இரண்டு நாள் நழுவினால் 10 வாட் தப்பு, மாதிரியின் இயற்பியலில் எந்தக் குறையும் இல்லாமலே வந்துவிடும். என்னிடம் வந்த ஒரு புராஜெக்ட்டில் இரண்டு வாரம் மேகத்தைத் துருவித் துருவிப் பார்த்த பிறகுதான் இதைக் கண்டுபிடித்தோம்.

பரப்புச் சராசரி எடுக்கும்போது எடை போடுங்கள். அட்சரேகை தீர்க்கரேகைக் கட்டங்கள் துருவத்தை நோக்கிச் சுருங்கிக்கொண்டே போகும். 80 டிகிரியில் ஒரு கட்டத்தின் பரப்பு நிலநடுக்கோட்டில் இருப்பதில் 0.17 பங்குதான். எடை போடாமல் சராசரி எடுத்தால், துருவத்தை ஒட்டிய சின்னக் கட்டங்கள் மொத்த விடையையும் இழுத்துக்கொண்டு போகும்.

துருவ இரவில் ஆல்பிடோ கணக்கிடாதீர்கள். பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுக்கிறீர்கள். ஆர்எஸ்டிடி 10 வாட்டுக்குக் கீழே உள்ள மாதங்களை ஒதுக்கிவிடுவது என் வழக்கம். சதவீதப் பிழையையும் அங்கே சொல்லக் கூடாது. 2 வாட்டுக்குப் பதில் 4 வாட் வந்தால் 100 சதவீதத் தப்பு என்று அட்டவணை அலறும், உண்மையில் ஒன்றும் நடந்திருக்காது. மாதச் சராசரி ஆல்பிடோவுக்கும், தினசரி விகிதங்களைச் சராசரியாக்காமல், மாத ஆர்எஸ்யூஎஸ்ஸை மாத ஆர்எஸ்டிஎஸ்ஸால் வகுங்கள்.

நான்காவது, நிலையமும் கட்டமும் ஒன்றல்ல. பல மாதிரிகளின் கட்டம் 100 கிலோமீட்டர் அகலம். நம் ஊரில் அப்படி ஒரு கட்டம் போட்டால் சேலம், ஏற்காடு, மேட்டூர், நாமக்கல் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். 1,500 மீட்டர் உயர ஏற்காட்டுக்கும் 300 மீட்டர்கூட இல்லாத சேலத்துக்கும் ஒரே உயரம், ஒரே வானம். கொண்டை ஊசி வளைவில் வண்டி மூடுபனிக்குள் நுழையும் அதே நேரத்தில் அஸ்தம்பட்டியில் வெயில் கொளுத்துவதை அந்த மாதிரி அறியாது. நீ-ஓலசுண்டும் அப்படித்தான்: கடல்கழி, பனியாறு, மலை எல்லாம் ஒரே கட்டத்தில். கட்டத்தின் உயரத்தையும் நிலப் பங்கையும் பார்த்து, ஒரே கட்டத்தோடு நிற்காமல் சுற்றியுள்ள கட்டங்களின் விரிவையும் காட்டுங்கள்.

ஒப்பீடு

நான் முதல் முதலாகச் செய்த ஒப்பீட்டில், மாதவாரி எண்களுக்கு ஒட்டுறவுக் கெழு 0.98க்கு மேல் வந்தது. மகிழ்ச்சியோடு வழிகாட்டி ஐயாவிடம் கொண்டுபோனேன். "மாதிரியை எடுத்துடுங்க. அந்த இடத்துல வெறும் ஆர்எஸ்டிடியைப் போட்டு அதே கெழுவை எடுத்துட்டு வாங்க" என்றார். எடுத்தேன். ஏறக்குறைய அதே எண். குளிர்காலத்தில் இருட்டு, கோடையில் வெளிச்சம் என்பதை மட்டும்தான் என் 0.98 சொல்லிக்கொண்டிருந்தது, மேகத்தைப் பற்றி அதில் ஒரு செய்தியும் இல்லை. அன்றிலிருந்து துருவத் தரவில் ஆண்டுச் சுழற்சியை நீக்காமல் ஒட்டுறவு எடுப்பதில்லை.

அதற்குப் பதில் மூன்று விகிதங்களாகப் பிரியுங்கள். மேகமில்லாத நிலையின் ஆர்எஸ்டிஎஸ்ஸை ஆர்எஸ்டிடியால் வகுத்தால் காற்று எவ்வளவு கடத்துகிறது என்று தெரியும். நீராவி, தூசுமம் (காற்றில் மிதக்கும் நுண்துகள்), கட்டத்தின் உயரம் இவற்றின் தப்பு இங்கே வெளிப்படும். அடுத்து, உண்மையான ஆர்எஸ்டிஎஸ்ஸை மேகமில்லாததால் வகுத்தால் மேகத்தின் பங்கு வரும். எறிந்து பிடிக்கும் வெளிச்சமும் இதற்குள் ஒளிந்திருக்கிறது. மூன்றாவது ஆல்பிடோ. ஒவ்வொரு மாதத்துக்கும் மூன்றையும் அளவீட்டோடு ஒப்பிட்டால், மொத்தத்தில் மறைந்திருந்தது வெளியே வரும்.

கணக்குக்காக ஓர் உதாரணம் எடுப்போம். ஜூனில் ஒரு நிலையத்தில் ஆர்எஸ்டிஎஸ் 230 வாட், மாதிரியிலும் 230. பிழை பூஜ்யம் என்று கைதட்டத் தோன்றும். நிலையத்தின் ஆல்பிடோ 0.75, மாதிரியில் 0.55. நிலையத்தில் தரை உறிஞ்சுவது 57.5 வாட். மாதிரியில் 103.5. வித்தியாசம் 46 வாட். இது 30 நாள் தொடர்ந்தால் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 119 மெகாஜூல். ஒரு கிலோ பனிக்கட்டியை உருக்க 334 கிலோஜூல் வேண்டும். அந்த ஆற்றல் முழுவதும் உருகலுக்கே போனால் 39 சென்டிமீட்டர் தடிமன் பனி ஒரே மாதத்தில் கூடுதலாகக் கரையும். வந்து விழும் வெயிலில் பூஜ்யத் தப்பு. பனியில் முழங்கால் அளவு தப்பு.

இந்த மாதிரியில் இன்னொன்றும் நடந்திருக்கிறது. ஆல்பிடோ குறைந்ததால் எறிந்து பிடிக்கும் வெளிச்சம் குறைந்திருக்க வேண்டும். ஆனாலும் 230 வந்திருக்கிறது. அப்படியானால் மேகம் தேவைக்கு மேல் மெல்லியதாக இருந்து அந்தக் குறையை நிரப்பியிருக்கிறது. இரண்டு தப்பும் ஒன்றையொன்று மூடி நிற்கின்றன. நாளை கடற்பனி மாறும்போது இரண்டும் ஒரே அளவில் மாறாது, மூடி விலகும். இருபத்தோராம் நூற்றாண்டின் கடைசியைப் பற்றி அந்த மாதிரி சொல்வதை எவ்வளவு நம்பலாம் என்பது இங்கேதான் தீர்மானமாகிறது. அதனால்தான் இந்தப் பிரிப்பு வேலையில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன்.

மேகத்துக்குள் என்ன இருக்கிறது

மேகத்தின் பங்கில் தப்பு என்று தெரிந்ததும், மேகப் பரப்பு எத்தனை சதவீதம் என்று பார்த்து நிறுத்திவிடுவார்கள். துருவத்தில் அது பாதி வேலைதான். மைனஸ் 10, மைனஸ் 20 டிகிரியிலும் மேகத்துளிகள் உறையாமல் நீராகவே இருக்கும். சுமார் மைனஸ் 38 வரை இது சாத்தியம். ஒரே அளவு நீர், ஏராளமான சிறு துளிகளாக இருந்தால் வெயிலை நன்றாகத் தடுக்கும். குறைந்த எண்ணிக்கையில் பெரிய பனிப்படிகங்களாக இருந்தால் பெரும்பகுதியை விட்டுவிடும். ஏற்காட்டு மூடுபனியில் ஹெட்லைட் போட்டால் வெளிச்சம் முகத்துக்கே திரும்பி அடிக்கிறது அல்லவா, அது சிறு துளிகளின் வேலை. கனமழையில் பெய்யும் தண்ணீர் அதிகம். ஆனாலும் மூடுபனியைவிடத் தூரம் தெரியும்.

பழைய தலைமுறை மாதிரிகள் பலவற்றில் மேகநீர் சீக்கிரமே உறைந்துவிடும். அதனால் அண்டார்க்டிகாவைச் சுற்றிய தென்பெருங்கடலில் மேகங்கள் மெல்லியதாகி, கடலுக்குத் தேவைக்கு மேல் வெயில் போயிற்று. சிமிப்6 மாதிரிகள் பலவற்றில் உறையாத நீரைக் கூட்டினார்கள். புவி எவ்வளவு சூடேறும் என்ற கணிப்பே சிலவற்றில் உயர்ந்தது. ஆகவே நீரும் படிகமும் தனித்தனியே எவ்வளவு என்று பாருங்கள். 2006 இல் ஏவப்பட்ட கேலிப்சோ செயற்கைக்கோளின் லேசர் கருவி துளியையும் படிகத்தையும் பிரித்துக் காட்டியது. 2023 வரையிலான அதன் தரவு இதற்கு உதவும். 82 டிகிரிக்கு அப்பால் அது பார்க்கவில்லை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

எந்த வருடத்தோடு எந்த வருடம்?

கடலும் காற்றும் சேர்ந்து சுதந்திரமாக ஓடும் மாதிரியில் 2012 என்பது நம் 2012 அல்ல. அந்த ஆண்டு செப்டம்பரில் ஆர்க்டிக் கடற்பனி செயற்கைக்கோள் பதிவுகளிலேயே மிகக் குறைந்த அளவுக்குப் போனது. மாதிரியில் அதே வருடம் அது நடக்க வேண்டியதில்லை. பல வருடச் சராசரியோடு சராசரியை ஒப்பிடுங்கள்; ஆண்டுக்கு ஆண்டு எவ்வளவு ஆடுகிறது என்பதையும் ஒப்பிடுங்கள். ஒரே மாதிரியைத் தொடக்க நிலையைச் சற்று மாற்றிப் பலமுறை ஓட்டியிருப்பார்கள். அந்த ஓட்டங்களுக்குள் இருக்கும் வித்தியாசத்தைவிட உங்கள் பிழை சிறியது என்றால், அதைப் பிழை என்று எழுத வேண்டாம். உண்மையான கடல் வெப்பநிலையும் கடற்பனியும் கொடுத்து ஓட்டிய ஏமிப் ஓட்டங்களையும் எடுங்கள். பனியின் தப்பு அங்கே பெரும்பாலும் விலகிவிடுவதால், மிச்சம் நிற்பது மேகத்தின் தப்பா என்று ஓரளவு பிரிக்கலாம்.

பனி உருகும் மாதத்துக்கு மாதச் சராசரி போதாது. பாரோவில் ஜூன் வாக்கில் தரையின் வெண்பனி கரையும்போது ஆல்பிடோ சில நாட்களில் 0.8 இலிருந்து 0.2க்குச் சரிந்துவிடும். மாதிரி ஒரு வாரம் முந்தினாலும் பிந்தினாலும் மாதச் சராசரியில் அது ஏதோ நடுத்தரத் தப்பாகத் தெரியும். தினசரித் தரவை எடுத்து, சரிவு எந்தத் தேதியில் என்று பார்த்தால் விஷயம் ஒரே பார்வையில் விளங்கும்.

தொடங்குபவர் முதல் வாரத்தில் இவ்வளவு செய்தால் போதும். நீ-ஓலசுண்டுக்கு மே, ஜூன், ஜூலை. டோம் சிக்கு நவம்பர், டிசம்பர், ஜனவரி. ஒரே ஒரு மாதிரி. முதல் படம் ஆர்எஸ்டிடி மட்டும். இரண்டாவது படம் மூன்று விகிதங்கள், அளவீடு கறுப்பில், மாதிரி வண்ணத்தில். அதற்குக் கீழே கட்டத்தின் உயரம், நிலையத்தின் உயரம், எத்தனை நிமிடத் தரவை நீக்கினீர்கள், மாதிரி எந்த நாட்காட்டியில் ஓடுகிறது என்று நான்கு வரி. சராசரியையும் அட்டவணையையும் அந்த நான்கு வரி எழுதி முடித்த பிறகு தொடுங்கள்.